கேளுங்கள் அக்காவிடம்: விடுமுறையில் பிள்ளைகளோடு நகரத்தில் மூன்று நாள்

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. இந்த ஜூன் விடுமுறைக்கு ஊருக்கும் போகவில்லை, வெளிநாட்டுக்கும் போகவில்லை. என் கணவருக்கு ஷிஃப்ட் வேலை. சேர்ந்தாற்போல் மூன்று நாள்தான் லீவு கிடைத்திருக்கிறது. அதனால் சிட்டி ஹால் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். மாமியாரும் வருகிறார், அவர் சுத்த சைவம். விலங்கியல் தோட்டம், செந்தோசா, கார்டன்ஸ் பை தி பே, ஜுவல், அறிவியல் நிலையம் என்று கணவர் பெரிய பட்டியலே போட்டு வைத்திருக்கிறார். என் சொந்த அக்காவோ, “உள்ளூரில் இருந்துகொண்டு ஹோட்டலுக்கு யாராவது காசு கொடுப்பார்களா?” என்று கேட்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஈசூன் வாசகி

பதில்: தாராளமாகப் போய்த் தங்குங்கள். வீட்டில் இருந்தால் மடிக்காத துணி உங்களைக் கூப்பிடும், டிவி பிள்ளைகளைக் கூப்பிடும், லீவு நாளிலும் வேலையிடம் உங்கள் கணவரைக் கூப்பிடும். குடும்பம் மூன்று நாள் சேர்ந்து இருப்பதற்குச் செய்கிற செலவு வீண் செலவு ஆகாது.

ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் மாற்றிவிடுங்கள். சிட்டி ஹாலில் அறை எடுத்துவிட்டு அங்கிருந்து மண்டாய்க்கு ஓடுவானேன்? விலங்கியல் தோட்டம் உங்கள் வீட்டுக்குத்தான் பக்கம். ஈசூனுக்கு அடுத்த ஸ்டேஷனான காத்திப்பிலிருந்தே மண்டாய்க்குத் தனி பஸ் விடுகிறார்கள். அதை வேறொரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜுவல் சாங்கி விமான நிலையத்தில் இருக்கிறது, அறிவியல் நிலையம் ஜூரோங்கில். ஒன்று கிழக்கு, இன்னொன்று மேற்கு. செந்தோசாவுக்கே ஒரு முழு நாள் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இத்தனையும் சுற்றினால், அவன் அதிகமாகப் பார்ப்பது டாக்சியின் பின் சீட்டைத்தான்.

நான் பல வருடம் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் நாட்களில் நாங்கள் வைத்திருந்த கணக்கையே உங்களுக்கும் சொல்கிறேன்: காலையில் ஒரு இடம், மதியம் சாப்பாடும் தூக்கமும், வெயில் தாழ்ந்ததும் இன்னொரு இடம். அவ்வளவுதான். நகரத்துக்கு நடுவில் அறை எடுப்பதில் இருக்கிற பெரிய லாபமே அந்த மதியத் தூக்கம்தான். பதினொன்றரை மணிக்குச் சின்னவன் சிணுங்க ஆரம்பிக்கும்போது, பத்து நிமிடத்தில் படுக்கைக்குப் போய்ச் சேர முடியவேண்டும். ஆகவே ஹோட்டலைச் சுற்றி நடந்துபோகிற தூரத்தில் இருப்பதை முதலில் பாருங்கள். அங்கே இருப்பது கொஞ்சநஞ்சம் இல்லை.

என்னைக் கேட்டால், ஹில் ஸ்திரீட்டில் தொடங்குங்கள். சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரிவரியாக நிற்கிற மத்திய தீயணைப்பு நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1909-இல் திறந்தது. சிங்கப்பூரில் இன்றும் இருக்கிற தீயணைப்பு நிலையங்களில் அதுதான் மிகப் பழையது. உள்ளேயே குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் கூடம் ஒன்று உண்டு, கட்டணம் கிடையாது. பழைய தீயணைப்பு வண்டிகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சனிக்கிழமை காலைகளில் தீயணைப்பு நிலையங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். உங்கள் மூன்று நாளில் ஒரு சனிக்கிழமை வருகிற மாதிரி பார்த்துக்கொண்டால் உங்கள் மகனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது. கிளம்புமுன் இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சாலையில் ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் பழைய ஹில் ஸ்திரீட் காவல் நிலையக் கட்டடம் வரும். 1934-இல் கட்டியது. மொத்தம் 927 ஜன்னல்கள், மாடிக்கு மாடி வேறு வேறு வண்ணம். பெரியவர்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். பிள்ளைகளுக்கு அது அரை மணி நேர விளையாட்டு. என் மகன் சின்னவனாக இருந்தபோது எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, ஒவ்வொரு மாடியாக விரல் நீட்டி நிறம் சொல்லிக்கொண்டே வந்தான். பாதியில் ஒரு புறா வந்து காலடியில் இறங்கியது. உடனே ஜன்னலை விட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் கழுத்தில் பச்சையா ஊதாவா என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். புறா திரும்பத் திரும்ப நிறமும் மாறியது, கேள்வியும் மாறியது. அந்த நேரத்தில் “வா, நேரமாச்சு” என்று கையைப் பிடித்து இழுக்காமல் இருக்கவேண்டும். அதற்காகத்தான் காலையில் ஒரே ஒரு இடம் என்று சொல்கிறேன்.

கோல்மன் ஸ்திரீட்டில் சிறுவர் அரும்பொருளகம் இருக்கிறது. முன்பு தபால்தலை அரும்பொருளகமாக இருந்த கட்டடம். 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கென்றே மாற்றித் திறந்தார்கள். 12 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது, தொட்டுப் பார்க்கலாம், திருகிப் பார்க்கலாம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம்தான், ஆனால் நேரம் குறித்து முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். பள்ளி விடுமுறையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஹோட்டலை உறுதி செய்த அன்றே இதையும் பதிந்துவிடுங்கள். பக்கத்திலேயே ஃபோர்ட் கேனிங் குன்று. அதன் அடிவாரத்து ஜூபிலி பூங்காவில் சறுக்குகளும் ஊஞ்சல்களும் இருக்கின்றன. சாயங்காலம் அங்கே விட்டுவிட்டு அத்தையோடு ஒரு பெஞ்சில் உட்காருங்கள். அன்றைக்கு அது போதும்.

கார்டன்ஸ் பை தி பேயைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் பேஃபிரண்ட் போய்ச் சேருவது சுலபம். கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட், வெளித்தோட்டமும் சிறுவர் தோட்டமும் இலவசம். சிறுவர் தோட்டத்தில் தண்ணீர் விளையாட்டு உண்டு. சின்னவனுக்கும் பெரியவளுக்கும் தனித்தனிப் பகுதி இருப்பதால் நீங்கள் ஒருவர், கணவர் ஒருவர் என்று பிரிந்து நில்லுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், கவனம். நாலு மணிக்கு மேல் போய் ஆசை தீர நனைந்து, உடை மாற்றி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு சூப்பர்ட்ரீ என்கிற செயற்கை மரங்களுக்குக் கீழே வந்துவிட்டால் 7.45-க்கு ஒளி ஒலிக் காட்சி. ஒரு துண்டை விரித்துப் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள். சில மரங்கள் 50 மீட்டர் உயரம், நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். 8.45-க்கு இன்னொரு காட்சி உண்டு, சின்னவனுக்கு அது வேண்டாம்.

அத்தையின் சாப்பாட்டுக்குக் கவலையே படாதீர்கள். பூகிஸிலிருந்து டௌன்டவுன் ரயில் பாதையில் இரண்டாவது ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. 1947-இலிருந்து நடக்கிற கோமள விலாஸ் சிராங்கூன் சாலையில்தான். ஒரு காலையை அங்கே இட்லி தோசையோடு ஆரம்பித்து, கெர்பாவ் சாலையில் வண்ண வண்ணமாக இருக்கிற டான் டெங் நியா வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, தேக்கா மார்க்கெட்டில் பழம் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பலாம். ஹோட்டல் காலை உணவு அத்தைக்குச் சரிப்படாது என்றால் அவருக்கு மட்டும் அது இல்லாமலே அறை கேளுங்கள், காசு மிச்சம்.

காசு என்றதும் ஒன்று. ஹோட்டல் விலையோடு “பிளஸ் பிளஸ்” இருக்கிறதா என்று பாருங்கள். அதாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருக்கும் அறை கையில் பில்லாக வரும்போது கிட்டத்தட்ட 300 வெள்ளி. அப்புறம், நீங்கள் பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர். எல்லா ஹோட்டலும் ஐந்து பேரை ஒரே அறையில் விடாது. இணையத்தில் பதிவதற்கு முன் போன் போட்டு, கூடுதல் கட்டில் உண்டா, அதற்கு எவ்வளவு, இல்லையென்றால் நடுவே கதவு உள்ள இரட்டை அறை கிடைக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். காலையிலேயே பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டுக் கிளம்பலாம், ஆனால் மகனுக்கு முதல் நாள் மதியத் தூக்கம் தள்ளுவண்டியில்தான். அதனால் முதல் நாளை இன்னும் லேசாக வையுங்கள்.

ரயிலிலும் பஸ்ஸிலும் 0.9 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டிய ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சலுகை அட்டை வாங்கியிருந்தால் அதற்கும் இலவசம். மகளுக்கு இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதே வாங்குங்கள். பஸ்ஸில் தள்ளுவண்டியை மடிக்க வேண்டியதும் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும். ஏர்கானுக்குப் பயந்து எல்லோருக்கும் ஒரு ஸ்வெட்டர்.

கேள்வி: மேடம், நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மே மாதப் பள்ளி விடுமுறையில் உட்லண்ட்ஸில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறோம். பையன்களுக்கு 5, 7 வயது. ஒரு வாரம்தான் இருப்போம். காலை ஆறு மணிக்கே எழுப்பி எல்லாவற்றையும் காட்டிவிடலாமா?
— திருச்சி வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. சிங்கப்பூர் நேரம் நம் ஊருக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை ஆறு என்றால் உங்கள் பையன்களின் உடம்புக்கு விடியற்காலை மூன்றரை. எழுப்பினால் அழுவார்கள், நாள் முழுக்க முகம் வாடியே இருக்கும்.

அந்த இரண்டரை மணி நேரத்தை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள், இரவில் தாராளமாகச் சுற்றுங்கள். ஈசூன் வாசகியின் மகனுக்கு வேண்டாம் என்று நான் சொன்ன 8.45 காட்சி உங்கள் பையன்களுக்கு மாலை ஆறே கால் மணி மாதிரி. 1994-இல் மண்டாயில் தொடங்கிய நைட் சஃபாரி என்கிற இரவு விலங்கியல் தோட்டத்தையும் இந்த முதல் நாட்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனார் வீட்டிலிருந்து மண்டாய் தூரமும் இல்லை. வார இறுதியில் உடம்பு இந்த ஊர் நேரத்துக்குப் பழகிவிடும். அப்போது ஒரு காலையைத் தாவரவியல் பூங்காவின் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்துக்குக் கொடுங்கள், இலவசம். அதுவும் திங்கட்கிழமை கிடையாது.

அரும்பொருளகங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. நாத்தனார் இலவசமாகப் போய்வருவதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வருமுன் எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் சொந்த இணையத்தளத்தில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பையன்களின் பையில் சூயிங்கம் இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஜுவலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. அதைத் திரும்பிப் போகிற நாளுக்கு வையுங்கள். விமான நிலையத்துக்கு எப்படியும் வரத்தானே வேண்டும்.

கேள்வி: மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். விடுமுறையில் நாலு வயதுப் பேரன் என்னோடுதான். வீட்டில் இருந்தால் போனைக் கேட்கிறான். எனக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. எங்கே கூட்டிப்போவது?
— தோ பாயோ தாத்தா

பதில்: ஐயா, உட்கார்ந்துகொண்டே போகலாம். தோ பாயோவில் ரயில் ஏறி நியூட்டனில் இறங்கி, டௌன்டவுன் பாதைக்கு மாறி புக்கிட் பாஞ்சாங் வரை போங்கள். எல்லா இடத்திலும் மின்தூக்கி உண்டு. டௌன்டவுன் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன் கண்ணாடியில் பேரன் முகத்தை வைத்தால் சுரங்கப் பாதை முழுக்கத் தெரியும். புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டி என்கிற இலகு ரயிலுக்கு மாறுங்கள். 1999-இல் வந்தது, சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி. மரங்களுக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கும் நடுவே உயரத்தில் ஒரு சுற்று சுற்றி, ஏறிய இடத்துக்கே வந்து சேரும். வீடுகளை ஒட்டிப் போகும்போது, உள்ளே இருப்பவர்களின் அந்தரங்கத்துக்காக ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும், தாண்டியதும் தெளிந்துவிடும். அடுத்து எப்போது மங்கும் என்று பேரனைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் இன்னொரு சுற்று கேட்பான், உங்களுக்கும் இருக்கை இருக்கிறது.

வெளியே கிளம்ப முடியாத நாளில் லோரோங் 6-இல் இருக்கிற டிராகன் விளையாட்டுத் திடலே போதும். 1979-இல் வீவக கட்டியது, உங்கள் மகனும் ஏறி இறங்கியிருக்கக்கூடும். காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள், வெயில் ஏறினால் சறுக்கு சுடும். கீழே மணல், செருப்பைக் கழற்றினாலும் ஒரு போத்தல் தண்ணீர் காலுக்கு வேண்டியிருக்கும்.