மென்பொருள் வாங்குவது இருக்கட்டும், முதலில் அந்த பில்லைத் திருத்துங்கள்

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடியே விளம்பர வடிவமைப்பு செய்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் ரூபாய்க்கு வேலை வருகிறது. ஏழு வாடிக்கையாளர்களில் இருவர் பெங்களூரு, ஒருவர் சிங்கப்பூர். மதிப்பீடு, ஒப்பந்தம், பில், கணக்கு, வரி எல்லாம் ஒரே மென்பொருளில் அடங்கும் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். மூன்று ஆண்டுச் சந்தா, ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் கேட்கிறார். வெளிமாநில வாடிக்கையாளர் இருப்பதால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்கிறார். சோதனைக் காலத்தில் உள்ளூர்க் கடை ஒன்றுக்குப் போட்ட பில்லில் 18 சதவீத வரி சேர்ந்துபோய்விட்டது. பணம் இன்னும் வரவில்லை. வாங்கலாமா?

பதில்: இந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்த பில்லைக் கவனியுங்கள்.

பணம் வருவதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது. இன்றே அதை ரத்து செய்து, வரி இல்லாமல் வேறு எண்ணில் புதிய பில் அனுப்புங்கள். பழையது செல்லாது என்று மின்னஞ்சலில் எழுதி, கடைக்காரரிடமிருந்து "சரி" என்று ஒரு வரி பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 32-ஆம் பிரிவு. வசூலித்துவிட்டால் அதை அரசுக்குக் கட்டியாக வேண்டும். கையில் வைத்திருந்தால் வட்டியும் அபராதமும் சேரும். கடைக்காரருக்கும் நஷ்டம்தான். உங்களிடம் பதிவு எண் இல்லாததால், உங்களுக்குக் கொடுத்த வரியை அவர் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது.

நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்ததும் 18 சதவீதத்தைத் தானாகச் சேர்த்துவிடும்படி சில மென்பொருள்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் பதிவு செய்தவரா என்று அவை கேட்பதே இல்லை. அமைப்புகள் பகுதிக்குப் போய் வரியை நீக்குங்கள். பில்லின் தலைப்பு "டாக்ஸ் இன்வாய்ஸ்" என்று இருந்தால் வெறும் "இன்வாய்ஸ்" என்று மாற்றுங்கள். வரியை நீக்கவே முடியாத மென்பொருள் என்றால் அது உங்களுக்கானதல்ல.

அடுத்து, பதிவு கட்டாயம் என்ற பேச்சு. ஆலோசகர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதிச் சட்டத்தைச் சொல்கிறார். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் பிரித்துப் பார்த்தால், வேறு மாநிலத்துக்கு வழங்குபவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் இருக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நிலைமையும் அதுதான். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி, சேவை தரும் சிறியவர்களுக்கு இதிலிருந்து விலக்கு அளித்து ஓர் அறிவிக்கை வந்துவிட்டது. ஒருங்கிணைந்த வரி அறிவிக்கை, எண் 10/2017. இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது பயமுறுத்தினால் அவரிடமே கேளுங்கள்.

நீங்கள் தருவது சேவை. மதுரை, பெங்களூரு, சிங்கப்பூர் எல்லாவற்றையும் கூட்டினால் நிதியாண்டில் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை உங்களுக்குப் பதிவு தேவையில்லை. சிங்கப்பூர் வேலை ஏற்றுமதி ஆயிற்றே என்ற சந்தேகம் வேண்டாம். ஏற்றுமதியும் சட்டத்தின் கண்ணில் மாநிலம் கடந்த வழங்கல்தான், அதே விலக்கு அதற்கும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றை மட்டும் ஒவ்வொரு முறையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இந்த விலக்கு பொருள் விற்பவருக்கு இல்லை. நீங்கள் வரைந்த படத்தைக் கோப்பாக அனுப்பினால் சேவை. அதே படத்தைச் சட்டையில் அச்சிட்டு, சட்டையாகப் பெங்களூருவுக்கு விற்கத் தொடங்கினால் அன்றைக்கே 24-ஆம் பிரிவுக்குள் வந்துவிடுவீர்கள். வடிவமைப்பாளர்கள் பலர் பக்கத் தொழிலாக இதைத் தொடங்குவதால்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

விலக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பிரிவின் வாசகத்தில் அது ஏறவில்லை, தனி அறிவிக்கையில்தான் கிடக்கிறது. சட்டத்தை நேராகப் படிக்கும் சாதாரண மனிதர் பயந்துபோய் இடைத்தரகரிடம் ஓடும்படி எழுதிவைத்தால், தரகர்கள் பெருகாமல் என்ன செய்வார்கள்? வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதே கேள்வியோடு வருகிறார்கள். பாதிப்பேர் அதற்குள் பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

20 லட்சத்தைக் கணக்கிடும்போது பார்க்க வேண்டியது ஏப்ரல் முதல் மார்ச் வரை போட்ட பில்களின் மொத்தம். செலவு போக மிஞ்சிய லாபத்தையோ கைக்கு வந்த பணத்தையோ பார்க்கக் கூடாது. உங்கள் பெயரில் கடை வாடகை வந்தால் அதுவும் சேரும். எல்லையைத் தாண்டினால் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டு மென்பொருள்களில் ஆண்டுக் கணக்கு ஜனவரியில் தொடங்கும். அதை ஏப்ரலுக்கு மாற்றாவிட்டால் மொத்தம் தவறாகக் காட்டும்.

தேவையில்லாமல் பதிவு வாங்கினால், பில்லே போடாத காலத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வெற்று ரிட்டர்ன் தாமதமானாலும் நாளொன்றுக்கு 20 ரூபாய் கட்டணம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பதிவு எண் இல்லாமல் வேலை தர மாட்டேன் என்றால் அன்றைக்கு நீங்களே விரும்பிப் பதிந்துகொள்ளலாம். அரசு அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. ஆதார், பான் இருந்தால் அரசின் உத்யம் தளத்தில் நீங்களே முடித்துவிடலாம். தேடினால் முதலில் வந்து நிற்கும், அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் பக்கங்களில் ஏமாந்துவிடாதீர்கள்.

கட்டணத்தை விட எனக்குப் பெரிய கவலை வேறு. இப்படிப்பட்ட தரகர்கள் பதிவின்போது தங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஓ.டி.பி. அவர்களுக்குத்தான் போகும். துறையின் நோட்டீஸும் அவர்களுக்குத்தான் போகும். உங்கள் பெயரில் தொழில், சாவி அவர் இடுப்பில். என்னிடம் வந்த ஒருவர் நோட்டீஸ் வந்ததையே எட்டு மாதம் கழித்துத்தான் அறிந்தார். எந்தப் பதிவானாலும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.

உத்யம் பதிவை அவசியம் செய்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். உத்யம் எண்ணை பில்லின் அடியில் அச்சிடுங்கள். வழக்கு போடாமலே பல கணக்குப் பிரிவுகள் அதைப் பார்த்துச் சீக்கிரம் பணம் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி மென்பொருள். ஏழு வாடிக்கையாளர்களுக்கு உங்களுக்கு வேண்டியது நான்குதான்: மதிப்பீடு, பில், யார் பாக்கி, என்ன செலவு. இதற்கு ஜோஹோ இன்வாய்ஸ் போன்ற இலவச பில் மென்பொருள் போதும். எதை எடுத்தாலும் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். 60,000 ரூபாய்க்கு ஒரு பில் போட்டு, 54,000 வந்ததாகவும் மீதி 6,000 டி.டி.எஸ். (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) என்றும் பதிவு செய்து பாருங்கள். பெங்களூரு நிறுவனங்கள் அப்படித்தான் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு அனுப்பும். டி.டி.எஸ். என்ற இடமே இல்லாத மென்பொருள் அந்த 6,000 ரூபாயைப் பாக்கி என்று எழுதிக்கொண்டு, வாரந்தோறும் வாடிக்கையாளருக்குத் தானாக நினைவூட்டல் அனுப்பும். நல்ல வாடிக்கையாளரை இழக்க அது ஒன்று போதும். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் சரிபாருங்கள். ஏறவில்லையென்றால் அப்போதே அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள்.

பேபாலை மட்டுமே நம்பியிருக்கும் வெளிநாட்டுத் தொகுப்புகளையும் தவிருங்கள். இந்தியாவுக்குள் பணம் வாங்கித் தரும் சேவையை அந்நிறுவனம் 2021 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு உதவலாம், மதுரைக் கடைக்காரருக்கு உதவாது. மூன்று ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டவே கட்டாதீர்கள். மாதச் சந்தாவில் இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் பில் பட்டியல் முழுவதையும் எக்செல் கோப்பாக இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்க விடாத மென்பொருளாக இருந்தால் சோதனைக் காலம் முடிவதற்குள் விலகிவிடுங்கள். இப்போது பயன்படுத்துவதில் உங்கள் கார்டு விவரத்தைக் கொடுத்திருந்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை இன்றிரவே நிறுத்திவிடுங்கள்.