அப்பச்சிக்கு யூரிக் ஆசிட் 8.2: இதயத்துக்காக மாத்திரை தொடங்கலாமா?

ஸ்டென்ட் வைத்து, பிரஷர் மாத்திரை சாப்பிடும் அப்பச்சிக்கு ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 8.2 வந்திருக்கிறது, இதயத்தைக் காக்க அலோபியூரினால் (யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை) தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 8.2 என்ற எண்ணுக்காக மட்டும் அதைத் தொடங்க வேண்டியதில்லை. அப்பச்சிக்கு மூட்டு வீக்கமும் கல்லடைப்பும் வந்ததில்லை என்கிறீர்களே, அதுதான் இங்கே முக்கியம்.

யூரிக் ஆசிட் கூடியவர்களிடம் இதய நோய் அதிகம் தென்படுவது உண்மைதான். ஆனால் அவர்களுக்கே பிரஷர், சர்க்கரை, தொப்பை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்து இருக்கும். எது காரணம், எது கூட வந்தது என்று பிரிப்பது கஷ்டம். 2022-இல் வெளியான ஆல்-ஹார்ட் ஆய்வில், கவுட் (யூரிக் ஆசிட் படிந்து மூட்டு வீங்கும் நோய்) இல்லாத இதய நோயாளிகளுக்கு அலோபியூரினால் கொடுத்துப் பார்த்தார்கள்; மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை.

எனக்குச் சந்தேகம் அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை மீதுதான். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டுமே யூரிக் ஆசிட்டை ஏற்றும். இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லோசார்டான் என்ற பிரஷர் மாத்திரை யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கும். அதற்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல், நண்டு மசாலா என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத் திங்கள் காலையில் ரத்தம் கொடுத்தாரா? காரைக்குடியில் அதற்கும் வாய்ப்பு உண்டே! சில வாரம் கழித்து கிரியாட்டினினோடு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) சேர்த்து மறுபடி பாருங்கள்.

கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கினால் கதையே வேறு, அது கவுட்டாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். அப்போது ஃபெபுக்சோஸ்டாட் (இதுவும் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை; இதய நோய் உள்ளவர்களுக்குக் கவனம் தேவை) எழுதினால், அவருக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.