ஆயிரம் டாலர் அறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர்களைப் பற்றி எழுதும்போது ஜிம் பேக்கரை ‘மோசடிக்காரர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் சறுக்கியது ஒரு பெண் விஷயத்தில். அதற்குப் போய் 45 வருடத் தண்டனையா? தீர்ப்பளித்த நீதிபதி மதத்தை இழுத்துப் பேசினார் என்று மேல்நீதிமன்றமே சொன்னதே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீதிபதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. காசாசை பிடித்த போதகர்களிடம் ஏமாந்து சலித்துவிட்டோம் என்கிற மாதிரி அவர் பேசியிருக்கக் கூடாது. அதனால்தான் 1991-ல் அந்தத் தண்டனை ரத்தாகி, பிறகு 8 வருடமாகக் குறைந்தது. 1994-ல் பேக்கர் வெளியே வந்தார். ஆனால் ரத்தானது தண்டனைதான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது.

பெண் விஷயமும் அதை மூடக் கொடுத்த பணமும் 1987-ல் அவரைப் பதவி விலக வைத்தன. 1989-ல் நிரூபணமான 24 குற்றங்களோ மோசடியும் கூட்டுச்சதியும். சவுத் கரோலினாவில் ‘ஹெரிடேஜ் யுஎஸ்ஏ’ என்று ஒரு கேளிக்கைப் பூங்காவே கட்டியிருந்தார். ஆயிரம் டாலர் கட்டிப் பங்காளர் ஆனால், ஆயுள் முழுக்க வருடத்துக்கு மூன்று இரவு அங்குள்ள ஹோட்டலில் இலவசம். 25,000 பேரோடு நிறுத்திக்கொள்வதாகப் பேச்சு. சேர்த்ததோ 66,000 பேருக்கு மேல்.

பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 66,000 பேருக்கு மூன்று இரவு என்றால் 1,98,000 இரவுகள். ஹோட்டலில் சுமார் 500 அறைகள். ஒரு நாள் விடாமல் கொடுத்தாலும் வருடத்துக்கு 1,82,500 இரவுகளுக்கு மேல் கிடையாது. காசு கொடுத்துத் தங்க வருபவர்கள் வேறு! இது தெரிந்தும் திரையில் வந்து இன்னும் இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதைச் சறுக்கல் என்று எப்படிச் சொல்வது?

அவர் மனைவி டாமி ஃபே வேறு ரகம். மற்ற போதகர்கள் எய்ட்ஸைக் கடவுளின் தண்டனை என்று சொல்லிக்கொண்டிருந்த 1985-ல், அந்நோய் கண்ட தன்பாலீர்ப்புப் போதகர் ஒருவரைத் தன் நிகழ்ச்சியில் பேச வைத்துக் கண்ணீர் விட்டவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சிறையிலிருந்து வந்த பேக்கர் ‘நான் செய்தது தவறு’ என்று புத்தகமே எழுதினார். அப்புறம் 2003-ல் மறுபடி கேமரா முன் உட்கார்ந்தார். உலகம் அழியப்போகும் கடைசிக் காலத்துக்கென்று வாளி வாளியாக உலர் உணவு விற்றார். 2020-ல் கொரோனா நேரத்தில், வெள்ளி கலந்த ஒரு கரைசலை அந்நோய்க்கு மருந்து போல விற்று இன்னொரு வழக்கில் மாட்டினார்.

ஆயிரம் டாலர் கட்டியவர்களின் கூட்டு வழக்கும் 2003-ல்தான் முடிந்தது. வக்கீல் கட்டணம் போக ஆளுக்குக் கிடைத்தது 6 டாலர் 54 சென்ட்.