மூணாறு செல்லும் வழியில் இரவிகுளம்: எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

கேள்வி: கோவையிலிருந்து காரில் மூணாறு செல்கிறோம். எழுபது வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். ஓரிரவுதான் தங்குகிறோம். வழியில் இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க இரண்டு மணி நேரம் போதுமா? பிப்ரவரியில் போகலாமா?

பதில்: முதலில் மாதத்தை மாற்றுங்கள். வரையாடுகள் மழைக்காலத்தில் இணைசேர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதச் சினைக்குப் பிறகு ஜனவரி, பிப்ரவரியில் குட்டி ஈனுகின்றன. தாயும் குட்டியும் தொந்தரவின்றி இருக்க வேண்டும் என்பதற்காகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவது வழக்கம். குட்டிகள் தென்படத் தொடங்கும் நாளைப் பொறுத்து இந்தத் தேதிகள் சற்று முன்பின் ஆவதும் உண்டு. ஆகவே, புறப்படும் வாரத்தில் கேரள வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏப்ரலில் சென்றால், அவ்வாண்டுக் குட்டிகள் தாயோடு மேய்வதைப் பிள்ளைகள் காண வாய்ப்புண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் மூடுபனியும் மிகுதி. அதிர்ஷ்டம் இருந்தால்தான் எதிர்மலை தெரியும்.

இரண்டு மணி நேரம் போதாது, மூன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடக்கும் தொலைவு குறைவுதான், ஆனால் சொந்த வண்டியை உள்ளே விடமாட்டார்கள். நுழைவாயிலில் காரை நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் ஏறி இராஜமலைக்குச் செல்ல வேண்டும். இறங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாவிய பாதையில் ஏற்றமாக நடக்க வேண்டும். போகும்போது பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும், திரும்பும்போது மேலே மறுபடி வரிசையில் நிற்கும் நேரமுமே உங்கள் பொழுதைத் தீர்மானிக்கும். பள்ளி விடுமுறையிலும் தொடர் விடுமுறை நாள்களிலும் அந்த வரிசை மிக நீண்டுவிடுகிறது. இணையத்தில் முன்பதிவு செய்து, சீட்டைக் கைப்பேசியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

உங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக வந்தால், பூங்காவின் வாயில் மூணாறு நகரத்துக்குச் சில கிலோமீட்டர் முன்னதாகவே வந்துவிடுகிறது. பலர் நேராக நகரத்துக்குப் போய், அறையில் பைகளை வைத்து, சாப்பிட்டுவிட்டு, நண்பகலுக்குப் பிறகு அதே சாலையில் திரும்பி வந்து நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோவையை விட்டுப் புறப்பட்டு, உடுமலையில் எரிபொருள் நிரப்பி, மறையூரில் சிற்றுண்டியை முடித்துக்கொண்டால், பத்து மணிக்குள் வாயிலில் இருக்கலாம். மறையூரிலிருந்து வளைவுகள் தொடர்ந்து வருவதால் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காமல் இட்லி, பழம் என்று மிதமாகக் கொடுங்கள். இடையில் சாலையோரத்திலேயே இருக்கும் இலக்கம் அருவியில் கால்மணி நேரம் இறங்கி நின்றால் தலைசுற்றல் தெளியும். உடுமலைக்கும் மறையூருக்கும் இடைப்பட்ட பாதை யானைகள் கடக்கும் காடு. திரும்பும் நாளில் அப்பகுதியை இருட்டுவதற்கு முன் கடந்துவிட வேண்டும், இடையில் எங்கும் இறங்கக் கூடாது.

இராஜமலையில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்காவில் சுற்றுலாவுக்குத் திறந்திருப்பது இந்த ஒரு பகுதிதான். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் பெரும் பாறைச் சரிவை அங்கிருந்து காணலாம், ஆனால் ஏற முடியாது. மலை முழுவதும் புல். மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு கருத்துத் திரண்டிருக்கும். பாதையோரம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருக்கும் செடிகளில் குறிஞ்சியும் உண்டு. 2018இல் மலை நீலமாகப் பூத்தது, அடுத்த பூப்பு 2030இல்தான்.

வரையாட்டைத் தேடி அலைய வேண்டியிருக்காது. பெரும்பாலும் பெண் ஆடுகளும் குட்டிகளும் பாதையை ஒட்டியே மேயும். பின்னோக்கி வளைந்த கொம்பில் குறுக்கு வரிகள் ஓடுவது தெரியும் அளவுக்கு அருகில் வரும். முதிர்ந்த கிடாக்கள் உடல் கருத்து, முதுகில் மட்டும் வெளிர்நிறச் சேணம் போட்டாற்போல இருக்கும். அவை அநேகமாக உயரத்திலேயே நின்றுவிடும். இவை மனிதரைக் கண்டு ஓடாததற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக இங்கே கிடைத்த பாதுகாப்பு. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்காக ஒதுக்கிய இம்மலையில் அவர்களே வேட்டைக்கு வரம்பு கட்டினார்கள். முதுவர் பழங்குடியினர் காவலிருந்தார்கள். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அந்த நம்பிக்கையைத் தயவுசெய்து கெடுக்காதீர்கள். பிஸ்கட் நீட்டுவது, தொட முயல்வது, படத்துக்காகக் குட்டியைச் சுற்றி நிற்பது ஆகிய எதையும் பிள்ளைகளுக்கு அனுமதிக்காதீர்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை, பாதை சீராக இருந்தாலும் ஏற்றம் இருக்கிறது, உயரத்தால் மூச்சும் வாங்கும். அவரை மேலே வரை நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேருந்து நிற்கும் இடத்தருகிலேயே ஆடுகள் வருவது வழக்கம் என்பதால், வீட்டில் ஒருவர் அவரோடு அங்கே இருந்துகொண்டு மற்றவர்கள் மேலே போய் வரலாம். வெயில் அடித்தாலும் காற்று குளிரும். எல்லோருக்கும் ஒரு ஸ்வெட்டரும், அம்மாவுக்கு ஒரு சால்வையும், பிடிமானமுள்ள காலணியும் எடுத்து வையுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் புட்டிகளைத் தவிர்த்து, எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் கொண்டு வாருங்கள். ஒரு மணிக்குள் கீழே இறங்கிவிட்டால், மதியச் சாப்பாட்டுக்கு மூணாறு சென்றுவிடலாம்.