உளுந்து வயல்ல முட்டை வச்ச குருவி: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் சிட்டுக்குருவி பத்தி நாலு வரி எழுதப்போக, வந்து குவிஞ்ச கேள்வில பாதிக்கு மேல சிட்டுக்குருவியே இல்லாத ஒரு குருவி பத்தி. எல்லாரும் பாத்திருக்கீங்க, பேருதான் பல பேருக்குத் தெரியல. அதனால இந்த தடவை பக்கம் பூரா அதுக்கே குடுத்தாச்சு, மாடித்தோட்டம் கேட்டவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி (நன்னிலம் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி): தாளடி நெல்லு அறுத்த வயல்ல உளுந்து நிக்குது. காலைல பாக்கப்போனேன், காலடில இருந்து ஒரு குருவி விர்ருனு கிளம்புச்சு. குனிஞ்சு பாத்தா மண்கட்டி ஓரத்துல சின்ன குழி, உள்ள ரெண்டு முட்டை. பாக்க பொட்டை சிட்டுக்குருவி மாதிரியே இருந்துச்சு. சிட்டுக்குருவி தரையில முட்டை வைக்குமா சார்?

பதில்: வைக்காதுங்க. சிட்டுக்குருவிக்கு பொந்து வேணும், ஓட்டு இடுக்கு, மீட்டர் பாக்ஸ், சுவத்துல மாட்டுன சாமி படத்துக்குப் பின்னாடி, இப்படி தலைக்கு மேல ஏதாவது ஒரு மறைப்பு இருந்தாத்தான் அது குடித்தனம் பண்ணும், வெட்டவெளில தரையில முட்டை வச்சுட்டு உக்காந்திருக்கற தைரியம் அதுக்கு கிடையாது. நீங்க பாத்தது சாம்பல் தலை வானம்பாடி. பொட்டைய மட்டும் பாத்துட்டு ஏமாந்துட்டீங்க, நீங்க மட்டும் இல்ல, நானும் ரொம்ப வருஷம் அதை சிட்டுக்குருவின்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். புழுதி கலர் உடம்பு, மேல லேசா கோடு, தடிச்ச குட்டை மூக்கு, யாரா இருந்தாலும் குழம்பத்தான் செய்வாங்க.

அடுத்த தடவை போகும்போது பக்கத்துலயே ஆண் இருக்கான்னு தேடுங்க, அதைப் பாத்துட்டா அப்புறம் சந்தேகமே வராது. உச்சந்தலை சாம்பல், கன்னம் வெளுப்பு, ஆனா கண்ணு வழியா ஒரு கருப்பு பட்டை ஓடி, தாடை நெஞ்சு வயிறுன்னு கீழ்ப்பக்கம் பூரா கருப்பு. யாரோ அதைப் புடிச்சு குப்புற மைல முக்கி எடுத்த மாதிரி இருக்கும். பொதுவா பறவைங்களுக்கு முதுகு கருத்து வயிறு வெளுத்துதான் பாத்திருப்போம், இது தலைகீழ். ஆனா அது தரையில பம்மி உக்காந்துட்டா கருப்பெல்லாம் அடியில போயிரும், மேல இருந்து பாக்கற வல்லூறு கண்ணுக்கு புழுதியும் சாம்பலும்தான் தெரியும், பத்தடி தூரத்துல நின்னு பாத்தா நமக்கே தெரியாது.

அந்த குழிய இன்னொரு தடவை தூரத்துல இருந்து கவனிங்க (தூரத்துல இருந்து, கிட்ட போகாம). உள்ள புல்லு, நாரு, முடின்னு மெத்தை போட்டிருக்கும், விளிம்புல சின்ன சின்ன கல்லு இல்லேன்னா மண் உருண்டை வரிசையா வச்சிருக்கும். வெளுத்த முட்டைல பழுப்பு புள்ளி. பெரும்பாலும் ரெண்டு, சில சமயம் மூணு. ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி அடைகாக்கும், 13, 14 நாள்ல பொரிச்சிரும்.

கேள்வி (வாசகி, மன்னார்குடி): சிட்டுக்குருவிக்கும் இதுக்கும் சட்டுனு வித்தியாசம் சொல்ல ஒரு வழி சொல்லுங்களேன், என் பையன் தினம் என்னைத் தோக்கடிக்கிறான்.

பதில்: காலைப் பாருங்கம்மா. சிட்டுக்குருவி ரெண்டு காலையும் சேத்து தத்தித் தத்தி குதிக்கும். வானம்பாடி நம்மள மாதிரி ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன வச்சு நடக்கும், அதுவும் நேரா நடக்காது, வளைஞ்சு வளைஞ்சு கிறுக்கன் கோடு போட்ட மாதிரி விதை பொறுக்கிட்டே ஓடும், பூச்சி கெடச்சா அதையும் விடாது. ஆளும் கொஞ்சம் சின்னது, 12, 13 செ.மீ.தான். இன்னொண்ணு, சிட்டுக்குருவி போய் மரத்துல கூட்டமா கத்தும், இது மரத்துப்பக்கமே போகாது, ஒரு மண்கட்டி இல்லேன்னா கல்லு, அதுதான் அதுக்கு சிம்மாசனம், எப்பவாச்சும் கரண்ட் கம்பில பாக்கலாம்.

பையன் இன்னும் கெட்டிக்காரனா இருந்தா நெட்டைக்காலியக் காட்டி உங்கள மடக்குவான். அதுவும் வயல்லதான் இருக்கும், அதுவும் தரையிலதான் கூடு. ஆனா அது ஒல்லி, மூக்கும் ஒல்லி, காலு நீளம், நெஞ்சுல கோடு கோடா இருக்கும், வாலை ஆட்டிட்டே இருக்கும். மூக்கு தடிச்சிருந்தா வானம்பாடின்னு சொல்லிருங்க, ஜெயிச்சிரலாம்.

கேள்வி (வல்லத்துல இருந்து ஒரு காலேஜ் மாணவர்): எங்க ஊர் செம்மண் தரிசுல ஒரு சின்ன குருவி மேல போகுது, தொப்புனு விழுது, மறுபடி மேல போகுது, மறுபடி விழுது. அதுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?

பதில்: உடம்புக்கு ஒண்ணும் இல்ல தம்பி, கல்யாண ஆசை. ஆண்தான் அது. படபடன்னு இறக்கையடிச்சு ஒரு பனைமர உசரத்துக்கும் மேல, ஒரு நூறு அடி வரைக்கும் ஏறும், அங்க இருந்து இறக்கைய மடக்கிக்கிட்டு கல்லு மாதிரி கீழ வரும், அப்படியே தரைல மோதிரும்னு நம்ம வாயைப் பொளக்கும்போது சடார்னு மேல வளையும், திரும்ப ஒரு குட்டி டைவ், திரும்ப ஒரு ஏத்தம், கடைசில ஒரு மண்கட்டி மேல ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து உக்காரும். விழும்போது ஒரு இழுவை விசில் கேக்குதா, மேல ஆரம்பிச்சு கீழ இறங்குற மாதிரி? அதைக் கேக்க வெயிலுக்கு முன்னாடி போங்க. வல்லம் மாதிரி மேட்டு செம்மண் நிலம் அதுக்கு ரொம்ப இஷ்டம், எங்களுக்கு இங்க களிமண் வயல்ல கோடைல மட்டும்தான் அந்த கச்சேரி.

கேள்வி (ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பூம்புகார் அருகில்): வானம்பாடி மழைத்துளியை மட்டுமே உண்டு வாழும் என்று படித்திருக்கிறோம். தாங்கள் போன தடவை போகிற போக்கில் "விதை தின்னும்" என்று எழுதிவிட்டீர்கள்!

பதில்: ஐயா, உங்க ஊரைப் பாடுன பட்டினப்பாலையோட தொடக்கத்துலயே அது வருதே, மழைத்துளிய உணவா வச்சிருக்கற பறவை வாடிப்போற அளவுக்கு வானம் பொய்ச்சாலும் காவிரி பொய்க்காதுன்னு. அந்தப் பறவைய உரைக்காரங்க வானம்பாடின்னு சொல்றாங்க. அது கவிதைக்கு ரொம்ப சரி. என் கண்ணு முன்னாடி இருக்கறது புல்விதையும் வெட்டுக்கிளியும் தின்னுது ஐயா, நான் என்ன செய்ய. மழை வரும்னு பாடுறதுக்குப் பதிலா, மழை ஜாஸ்தியானா காஞ்ச இடம் தேடி கிளம்பிப்போற ஆள் இது. மேட்டூர்ல இருந்து தண்ணி வந்து (வழக்கமா ஜூன் 12) வாய்க்கால் நிறைஞ்சு வயல்ல சேறு அடிச்சுட்டா நம்ம வயல்ல அதுக்கு வேலை இல்ல. திடல், ரோட்டோர புறம்போக்கு, கொள்ளிடம் படுகை மணல், தெக்க போனா வேதாரண்யம் பக்கத்து காஞ்ச வெளின்னு ஒதுங்கிரும். காவிரி பொய்க்காதுன்னு பாடுனது சந்தோஷம்தான், ஆனா காவிரி பொய்க்காத மாசத்துல இதை நம்ம வயல்ல பாக்க முடியாதுங்கறதும் உண்மை.

பழசு கேட்டதால இன்னொண்ணு. இந்தப் பறவைக்கு அறிவியல் பேர் வச்சது ஸ்கோபோலிங்கறவர், 1786ல. அவருக்கு விவரம் கெடச்சது சொன்னெராங்கற பிரெஞ்சுக்காரர் எழுதினதுல இருந்து, அந்த விவரத்துல இருக்கற ஊர் நம்ம செஞ்சி! உலகத்துக்கு இது அறிமுகமானதே தமிழ்நாட்டு ஆளாத்தான்.

கேள்வி (கும்பகோணம், பெயர் வேண்டாம்): மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்துக்கு மரப்பெட்டி வாங்கி மாட்டினேன். வானம்பாடியும் வருமா?

பதில்: வராது. பெட்டி சிட்டுக்குருவிக்கே இருக்கட்டும்.

கேள்வி (மறுபடியும் அதே நன்னிலம் வாசகர், போஸ்ட் கார்டுல): கூட்டை வரப்பு மேல எடுத்து வச்சிரலாமா? அறுப்பு முடிஞ்சா கிடை போட (உரத்துக்காக ராத்திரி வயல்ல ஆட்டை அடைக்க) ஆட்டுக்காரங்க வர்றதா சொல்லிட்டாங்க.

பதில்: எடுக்காதீங்க. இதைப் பெரிய எழுத்துல போடச் சொல்லிருக்கேன், போட்டாங்களான்னு தெரியல. ஒரு அடி தள்ளி வச்சாலே தாய்க்கு அது வேற இடம், அது திரும்ப வந்து தேடுறது குழிய, முட்டைய இல்ல. நான் ஒரு பாவம் பண்ணிருக்கேன், சொல்லிடறேன். பத்து பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி திருவாரூர் பக்கம் ஒரு கூட்டை கண்டுபுடிச்சேன், நல்ல போட்டோ வேணும்னு மறைச்சிருந்த ரெண்டு நெல்லுத் தாளை ஒடிச்சுவிட்டு, நாலு அடில உக்காந்து முக்கால் மணி நேரம் எடுத்தேன். தாய் அந்தாண்ட வரப்புல கத்திட்டே நடந்துச்சு, வரவே இல்ல. சித்திரை வெயில்ல அந்த முட்டை என்ன ஆகும்? அது எனக்கு அப்ப தோணல. போதாததுக்கு நான் எழுந்து போன தடத்த ஒரு காக்கா பாத்துக்கிட்டு இருந்திருக்கு, சாயங்காலம் போனா ஓடுதான் கெடந்துச்சு. போட்டோ நல்லா வந்துச்சு, அதை இதுவரைக்கும் எங்கயும் போடல.

உங்க விஷயத்துக்கு வர்றேன். இன்னும் அறுப்புக்கு நாள் இருக்கு, அடைகாக்கறது ரெண்டு வாரம், குஞ்சு கூட்டை விட்டு நகர அப்புறம் கொஞ்ச நாள், ஒரு மாசத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும். உளுந்து பிடுங்கற ஆளுங்ககிட்ட அந்த இடத்தை மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு விட்டுட்டு போகச் சொல்லுங்க, எட்டு பத்து அடி தள்ளி ஒரு குச்சி நட்டா போதும், கூட்டு மேலயே நடாதீங்க, காக்காய்க்கு அட்ரஸ் குடுத்த மாதிரி ஆயிரும். குச்சில துணி கிணி கட்ட வேண்டாம், நாய் மோந்து பாக்க வரும். ஆட்டுக்காரங்ககிட்ட சொன்னா கேப்பாங்க, ராமநாதபுரத்துல இருந்து வர்ற கீதாரிகளுக்கு தரையில இருக்கற குருவிக் கூடு நம்மள விட நல்லா தெரியும், கிடைய முதல் வாரம் வயலோட அடுத்த முனைல போடச் சொல்லுங்க. அப்புறம் கோடை உழவு. டிராக்டர்காரர்தான் பிரச்சனை, அவருக்கு அவசரம், ரொட்டவேட்டர் விட்டா குழியும் இல்ல குஞ்சும் இல்ல. குஞ்சுங்க ஓடாது, அம்மா குரல் குடுத்தா அப்படியே தரையோட தரையா பதுங்கிரும், மனுஷன் வந்தா அது தப்பிக்கற வழி, டிராக்டர் வந்தா அதுவே எமன். உழவுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்து பாத்துருங்க.

பக்கத்து வீட்டுப் பசங்க முட்டைய எடுத்து வெளையாட கேட்டா, வன உயிர் சட்டத்துல (1972) அது குற்றம்னு ஒரு அதட்டு போடுங்க. கேக்கலேன்னா அந்த ஆண் டைவ் அடிக்கறதக் காட்டுங்க, முட்டைய மறந்துருவாங்க.

கேள்வி (வாட்ஸப்ல வந்தது, ஊர் போடல): கூட்டோட போட்டோ அனுப்பினா அடுத்த இதழ்ல போடுவீங்களா?

பதில்: குருவி போட்டோ அனுப்புங்க, ஆணும் பொண்ணும் சேந்து நிக்கற மாதிரி கெடச்சா முதல் பக்கத்துல போடச் சொல்றேன். கூட்டு போட்டோ வேண்டாம், காரணம் மேல எழுதிட்டேன்.