உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவை எப்படி மதிப்பிடுவீர்கள்?

பொது அறிவுப் புத்தகத்தில் வரும் அந்த ஒரு வரி விடையை வைத்து அவரை மதிப்பிடவே முடியாது. நான் கோத்தகிரிக்காரன், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட 'தாயகம் திரும்பியோர்' குடும்பம். எங்கள் தெருவில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் 'சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம்' என்று மூச்சு விடாமல் ஒரே சொல்லாகத்தான் சொல்வார்கள். அதனால் இந்தப் பதிலில் நடுநிலையை ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

அவருடைய கணவர் இலங்கைப் பிரதமராக இருந்தபோதே 1959 செப்டம்பரில் ஒரு புத்த பிக்கு சுட்டதில் இறந்தார். கட்சியைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லாமல் இவரை மேடையேற்றினார்கள். கூட்டங்களில் கணவரின் பழைய பேச்சை ஒலிநாடாவில் போட்டுவிட்டு இவர் கண் கலங்குவார், பத்திரிகைகள் 'அழும் விதவை' என்று கிண்டலடித்தன. 1960 ஜூலை தேர்தலில் அவர் போட்டியிடவே இல்லை. கட்சி ஜெயித்ததும் ஜூலை 21 அன்று பிரதமரானார், அதற்குப் பிறகுதான் மேலவையான செனட் வழியாக நாடாளுமன்றத்துக்குள் வந்தார். அனுதாப அலைதான், சரி. ஆனால் அனுதாபத்தில் வந்தவர் 1962இல் ராணுவ, போலீஸ் அதிகாரிகள் போட்ட கவிழ்ப்புச் சதியைத் தாண்டி, 1965இல் தோற்று, 1970இல் இடதுசாரிகளைச் சேர்த்துக்கொண்டு 151இல் 116 இடங்களோடு திரும்பி வர முடியாது. அவர் சரியான அரசியல்வாதி. ரத்வத்த என்ற கண்டிப் பிரபுக் குடும்பத்துப் பெண், பேரம் பேசத் தெரிந்தவர்.

அந்தப் பேரத்தில் போனவர்கள்தான் நாங்கள். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போன மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது 1948இல் சேனநாயக்கா அரசு, அந்தப் பழியை இவர் தலையில் போடக்கூடாது. ஆனால் 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு உட்கார்ந்து 9,75,000 பேரைக் கணக்குப் பிரித்தவர் இவர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தியோடு பேசி அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் எதிர்த்தும் பலனில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்த என் பாட்டிக்கு இந்தியா என்பது கேள்விப்பட்ட ஊர். மலையக ஊரான அட்டன் பக்கத்திலிருந்து தலைமன்னார் துறைமுகத்துக்குப் போன ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே சொல்வார்கள், ஏறுகிறவனும் அழுவான், வழியனுப்ப வந்தவனும் அழுவான். அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கையில் ஒரு குடும்ப அட்டை, ஒரு தகரப் பெட்டி. இங்கே வந்து மறுபடியும் அதே கொழுந்து பறிக்கிற வேலை, அரசுத் தேயிலைத் தோட்டத்தில். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'சிலோன்காரங்க'.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு மாதிரி. எழுபதுகளில் இறக்குமதியை இவர் இறுக்கிப் பிடித்ததில், வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றுபோய் அங்கே விவசாயிகள் நல்ல காசு பார்த்தார்கள், அதை இன்றைக்கும் நன்றியோடு சொல்கிற பெரியவர்கள் உண்டு. அதே ஆட்சியில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது, தமிழ் மாணவர்கள் கூடுதல் மார்க் வாங்கினால்தான் இடம் என்று ஆனது. தோட்டத்து மிளகாயை விற்று அப்பா மகனைப் படிக்க வைப்பார், மகன் நல்ல மார்க் வாங்கியும் மருத்துவமோ பொறியியலோ கிடைக்காமல் நிற்பான். அந்தத் தலைமுறைப் பையன்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது, சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக உறுதிப்படுத்தியது.

சிங்களவர்களுக்கும் அந்த ஏழு வருடம் இனிக்கவில்லை. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிப் புரட்சி அமைப்பின் இளைஞர்கள் கிளர்ந்தபோது ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசை, அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு. தோட்டங்களில் பசியால் செத்தவர்கள் உண்டு, பாட்டி கிளம்பியதற்கு ஒப்பந்தத்தைவிட அந்தப் பசிதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். 1976இல் கொழும்பில் அணிசேரா நாடுகள் மாநாட்டை ஜோராக நடத்தினார், மறு வருடத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு 8 இடம். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியே தமிழர் தலைவர் அமிர்தலிங்கத்துக்குப் போய்விட்டது.

1980இல் ஜெயவர்த்தனா அரசு இவருடைய குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பறித்தது. அது அரசியல் பழிவாங்கல், தப்புதான். ஆனாலும் அதைப் படித்தபோது எனக்குப் பெரிதாக வருத்தம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானதும் மூன்றாம் முறையாகப் பிரதமரானார், பெரிய அதிகாரம் எதுவும் இல்லாத பிரதமர். 2000 ஆகஸ்டில் விலகி, அக்டோபர் 10 அன்று ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் மாரடைப்பில் இறந்தார். மலையகத்தில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது, அதற்குள் எங்கள் வீட்டில் மூன்றாம் தலைமுறை கோத்தகிரியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.