அம்மாவுக்கு யார் வாசிக்கிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 36. கோட்டையில் வங்கி வேலை. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். கூடப் படித்தவர்கள் கலியாணம் முடித்துக் கனடா, லண்டன் என்று போய்விட்டார்கள். எனக்குப் பேசி வந்த இரண்டு சம்பந்தமும் சீதனத்தில் முறிந்தன. நாங்கள் மெதடிஸ்த சபை என்றாலும், செவ்வாய் தவறாமல் கத்தோலிக்கரின் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறேன். அம்மாவுக்குக் கண் மங்கல். பின்னேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து வேதம் வாசிப்பதால் அவவுக்குப் பொழுது போகிறது. எனக்குத்தான் ஒன்றிலும் மனம் நிறையவில்லை. இருக்கிற நிலையில் திருப்தியாயிரு என்கிறார் போதகர். எப்படி?
- வாசகி, கொழும்பு 6

பதில்: பிள்ளை, இதே கடிதம் எனக்கு அடிக்கடி வரும், கையெழுத்துத்தான் வேறு. கர்த்தர் ஏற்ற காலத்தில் தருவார் என்று நான் எழுதப் போவதில்லை. தருவாரோ, மாட்டாரோ, எனக்குத் தெரியாது. சீதனத்தில் முறித்த இருவருக்காகவும் அழ வேண்டாம், தப்பினீர்.

நான் நின்றது அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம்.

அவள் வந்து வாசிக்கிற நேரம் நீர் எங்கே? கடிதத்தில் இல்லை. நானே ஊகிக்கிறேன்: அடுத்த அறையில், கையில் போனோடு, கனடாக்காரிகளின் பிள்ளைகளுடைய பிறந்தநாள் படங்களோடு. பிழை என்றால் எழுதும், மன்னிப்புக் கேட்கிறேன். கொச்சிக்கடைக்குப் போவதில் குறையில்லை. செவ்வாய்க்கிழமை அங்கே சைவக்காரரும்தான் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். ஆனால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் நெரிபட நேரமுள்ளவருக்கு, ஹோலுக்கு நாலு எட்டு வைக்க நேரமில்லையா? என்னைப் பழைய காலத்து மனிசி என்றாலும் பரவாயில்லை. பெற்றவளை அயல்வீட்டுச் சின்னப் பிள்ளையிடம் விட்டுவிட்டுக் கர்த்தரிடம் போய்க் குடும்பம் கேட்பது எனக்குப் பொறுக்காது. உம்முடைய குடும்பம் ஹோலில் இருக்கிறது, கண் தெரியாமல்.

போதகர் வேதத்திலுள்ள பிலிப்பியர் நிருபத்தை, பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தைத்தான் நினைத்திருப்பார். எந்த நிலைமையிலும் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் பவுல். கற்றுக்கொண்டாராம், வானத்திலிருந்து வந்து விழவில்லை. எழுதியதோ விலங்கோடு. அதே நிருபத்தில், விடுதலையாகிச் சீக்கிரம் வருவேன் என்றும் நம்புகிறார். ஆகவே கலியாணத்தை ஆசைப்படும், ஜெபியும், அதில் பாவமில்லை. ஆனால் காவலில் கிடந்த அந்த மனுஷன் யாரைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று இரண்டாம் அதிகாரத்தில் பாரும். தனக்கு உதவ வந்து சாகக்கிடந்து பிழைத்த எப்பாப்பிரோதீத்துவைப் பற்றி. அவன் ஊருக்கு ஏங்குகிறானே என்று, பக்கத்தில் இருந்த உதவியையும் திருப்பி அனுப்புகிறார். உம்முடைய கடிதத்தில் அம்மாவுக்கு இரண்டே வரி: கண் மங்கல், பொழுது போகிறது.

கண் மங்கல் என்று எழுதிவிட்டு அப்படியே விட்டிருக்கிறீர். டொக்டரிடம் காட்டினீரா? வெள்ளை படர்ந்ததாக இருந்தால் ஒப்பரேஷனில் சரிவரக்கூடியது. கொழும்பிலேயே தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி. ஒரு நாள் லீவு போடும். பெண் பார்க்க வந்தவர்களுக்காக எத்தனை நாள் போட்டிருப்பீர்!

இன்றைக்கு வேலை விட்டு வரும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு மிக்சர் பக்கட் வாங்கி வாரும். எந்த அதிகாரத்தில் நிற்கிறார்கள் என்று அவளிடம் கேட்டு, புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் இரும்.